ரோட்டுப் பக்கம் பூசிய கிட்டார்

இலங்கை மலையகத்தில், மேமலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தொன்பது வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். பெயர் வீரய்யா. நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டால் மீதி சத்தியம் என்று என் மனைவி இருந்தவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி என்பது அநியாயம். கால்வாசியைத் தள்ளினால் போதும்.

இப்படிப்பட்டவனுக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்க ஓர் ஆள் வேண்டும். எனக்குக் கிடைத்த ஆள் அந்தோனிமுத்து. எங்கள் பெக்டரியின் பிட்டர். ரோலர், ட்ரையர், சல்லடை என்று எந்த மிஷின் நின்றாலும் அவன் ஸ்பேனரோடு போய் நின்றால் பயந்து ஓடத் தொடங்கிவிடும். சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டு நேரே அவனிடம் போவேன். அவன் வேலையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவான். எண்பத்தோராம் வருடம் நான் தோட்டத்து மேல்மலையில் பார்த்த சிறுத்தை முதலில் நாய் அளவுதான் இருந்தது. வருடா வருடம் தீனி போட்டு வளர்த்து, நான் ஓய்வு பெறும்போது எருமை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். "போன வருஷம் சின்னதா இருந்துச்சேய்யா" என்று அந்தோனி ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட தங்கமான மனுஷன்.

அந்தத் தங்கத்துக்குத்தான் காது போனது. நாற்பது வருடம் ரோலர் பக்கத்தில் நின்றவனுக்கு வேறென்ன மிஞ்சும்? எழுபது வயதில் சுத்தமாக அடைத்துக்கொண்டது. அவன் பெண்சாதி தெரேசா அவனிடம் உப்பு கேட்டால், ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள் பத்துக் காம்பராவிலிருந்தும் உப்பு வரும். அந்த லயத்தில் யார் வீட்டில் என்ன கறி என்று தெரிய எட்டிப் பார்க்க வேண்டும்; அந்தோனி வீட்டுக் கறி மட்டும் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும்.

கண்டியில் ஒரு டாக்டர் பார்த்தார். இரண்டு காதுக்கும் மிஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார். விலை நாலே முக்கால் லட்சம். அந்தோனி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கேட்ட வரைக்கும் போதும்யா" என்று சொல்லிவிட்டான்.

அவனுக்குப் போதும். எனக்குப் போதாதே! என் சிறுத்தை என்ன ஆவது? ஹட்டனில் மகன் வீட்டில் இருக்கிறேன். கதையை ஆரம்பித்தாலே அங்கே எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது. வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறி மேமலைக்குப் போய், அந்தோனி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுவேன். எழுதிய பொய் பொய்யே இல்லை. கையெழுத்துப் போடச் சொல்வார்களோ என்று கை தானாகச் சுருக்கிவிடுகிறது.

இப்படி இருக்கும்போதுதான் போன மாசி மாதம் கடவுள் என் ஃபோனுக்குள் வந்தார்.

ஏதோ பாட்டு தேடப் போனேன். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் மேசை மாதிரி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தான். மேசை மேல் தந்திகள். அவன் ஒரு கையால் மீட்டி, மறுகையில் ஓர் இரும்புத் துண்டை வைத்துத் தந்தி மேல் வழுக்கிக்கொண்டே போனான். காலால் மிதிகட்டைகளை மிதித்தான். முழங்காலால் கீழே எதையோ தள்ளினான். சத்தமோ, தேன் குடித்த பூனை அழுவது மாதிரி. கீழே 'பெடல் ஸ்டீல் கிட்டார்' என்று போட்டிருந்தது. நான் பார்த்தது தொப்பியையும் இல்லை, அவனையும் இல்லை. அந்தக் கால்களை, அந்த மிதிகட்டைகளை.

"அடப்பாவி, இது தெரேசாவோட இஸ்திரி மேசை!"

மகன் வீட்டில் எல்லோரும் ஓடி வந்தார்கள். மாரடைப்பு என்று நினைத்தார்களாம்.

அந்த மேசையின் வரலாற்றில் என் கையும் இருக்கிறது. எழுபத்துமூன்றில் எங்கள் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரச் சின்னதொரை அதைக் கப்பலில் கொண்டுவந்தார். அவர் சாயங்காலம் வாசிப்பார். நாங்கள் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை, வெளியிலிருந்து கேட்டதோடு சரி. கொழுந்து நிறுக்க வந்த பெண்கள், பங்களாவில் யாரோ பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிறார்கள் என்று தாங்களும் சேர்ந்து அழுததுண்டு. அட்டைப் பூச்சிகள்கூட அந்தப் பக்கம் வராது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது தொரை போய்விட்டார், மேசை பங்களாக் குடோனில் கிடந்தது. தொண்ணூற்றிரண்டில் புதுக் கம்பெனி வந்து பழைய சாமான்களை விற்கச் சொன்னது. பட்டியல் எழுதியவன் நான். நான் எழுதிய வரி இன்னும் ஞாபகம்: 'இரும்புக் கால் மேசை ஒன்று, மிதிகட்டை எட்டு, உபயோகம் தெரியாது, மதிப்பு ரூபா எழுபத்தைந்து.'

என் ஆயுளில் கொஞ்சமும் கூட்டாமல் எழுதிய ஒரே வரி அதுதான். அதுதான் தப்பாகவும் போயிற்று.

மிதிகட்டையைப் பார்த்துத் தையல் மிஷின் ஸ்டாண்டு என்று நம்பி, தெரேசாவுக்காக அந்தோனி அதை வாங்கினான். தையல் மிஷின் அதில் உட்காரவே இல்லை. தெரேசா மேலே பழைய கம்பளியை விரித்து, ஒரு பலகையைப் போட்டு, முப்பது வருடம் துணிக்கு இஸ்திரி போட்டாள்.

அன்றைக்கே மேமலைக்குப் போனேன். பலகையைத் தூக்கிப் படமெடுத்து, பழைய வாத்தியம் வாங்குகிற விற்கிற பேஸ்புக் குழுவொன்றில் போட்டேன். பத்து நிமிடத்தில் கொழும்பிலிருந்து ஷாமிலா என்ற பெண் ஃபோன் பண்ணினாள். பழைய வாத்தியங்களை வாங்கித் திருத்தி விற்கிறவள்.

"ஐயா, ஒரு வரிசையில எத்தனை தந்தி?"

"தந்தியெல்லாம் துருப்பிடிச்சு எப்பவோ போயிருச்சும்மா. திருகாணி ஒரு வரிசைக்குப் பத்து. ரெண்டு வரிசை. இங்கிலாந்து ராணியே பார்த்துட்டு ஒண்ணு கேட்டாங்கன்னு—"

"ராணி இருக்கட்டும். முழங்கால்ல தள்ற நெம்பு எத்தனை?"

"நாலு. கப்பல்ல இருந்து இறக்க யானை—"

"ஐயா, போட்டோ மட்டும் அனுப்புங்க. அடிப்பக்கம் நல்லா விழணும். எங்கேயாச்சும் நம்பர் குத்தியிருக்கான்னு பாருங்க."

குத்தியிருந்தது. தெரேசா டோர்ச் அடிக்க, நான் தரையில் மல்லாந்து படுத்து எடுத்தேன். எழும்பத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. அன்று மாலையே ஷாமிலா சொன்னாள்: "அறுபதுகளோட கடைசியில செஞ்சது. மரம் பழைய பாலிஷோட இருந்து, உள்ளே எல்லாம் அசைஞ்சா ஏழு லட்சம் வரைக்கும் தரலாம். சனிக்கிழமை ரயில்ல வாறேன். அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க."

ஏழு லட்சம்! இரண்டு காது வாங்கி, மிச்சத்தில் மூக்கும் வாங்கலாம்.

கொப்பியை எடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் நான் வீரய்யா இல்லை. 'அந்தோனி, உன் மேசை விலைக்குப் போகுது. ரெண்டு காதும் வரும். சனிக்கிழமை பாக்க வர்றாங்க. கொழும்பிலிருந்து, வி.ஏ. தொரையைவிடப் பெரிய ஆள்!' என்று எழுதிக் காட்டினேன். 'ஒண்ணும் செய்யாதே' என்பதை எழுத மறந்துவிட்டேன். சுவாரசியமில்லாத வரி, கைக்கு வரவில்லை.

அந்தோனி மூன்று முறை படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். சரி என்று தலையாட்டினான்.

சனிக்கிழமை ஷாமிலா ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முதுகில் ஒரு பை, கையில் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்தோனியின் காதையும் அதன் விலையையும், பிறகு சிறுத்தையையும் பற்றிச் சொல்லி முடித்தேன். நல்ல பெண், ஒரு கொட்டாவிதான் விட்டாள்.

லயத்து வாசலில் இறங்கும்போதே பெயிண்ட் வாடை அடித்தது. நான் முந்திக்கொண்டு ஓடினேன்.

உள்ளே அந்த மேசை வெள்ளி மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. பெக்டரிக் குழாய்களுக்கு அடிக்கிற அலுமினியப் பெயிண்ட். முன்பலகை, முன்கால் இரண்டு, மிதிகட்டை எல்லாம் பளபள, மேலே அதே பழைய கம்பளி. பக்கத்தில் அந்தோனி வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, காலைப் பெரட்டுக்கு வரிசையில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றான்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது புரியாது. கம்பெனியின் வி.ஏ. தொரை, அதாவது விசிட்டிங் ஏஜென்ட், வருடத்துக்கு ஒருமுறை தோட்டம் பார்க்க வருவார். அவர் வருகிறார் என்றால் ஒரு வாரம் பெயிண்ட்தான். கல்லுக்கு வெள்ளை, மரத்துக்கு வெள்ளை, மிஷினுக்கு வெள்ளி. ஒருமுறை அசையாமல் படுத்திருந்த ஆட்டுக்கும் அடித்துவிட்டார்கள். நாற்பது வருடம் அந்த வேலையைத் தலைமை தாங்கிச் செய்தவன் அந்தோனி. அவனிடம் போய் 'வி.ஏ. தொரையைவிடப் பெரிய ஆள்' என்று எழுதிக் கொடுத்தால் வேறென்ன செய்வான்?

ஷாமிலா பையை இறக்கி வைத்தாள். நகத்தால் ஓரத்தில் சுரண்டிப் பார்த்தாள்.

"யாரு ஐயா இதைச் செஞ்சது?"

"ஏம்மா, நல்லா இல்லையா?" என்றாள் தெரேசா, லயமே கேட்கும்படி. பழக்கதோஷம்.

"பழைய பாலிஷ்தான்மா இதோட மதிப்பே. இதை எடுக்கத் தின்னர் போட்டா அடியில உள்ளதும் சேர்ந்து போயிரும். வாங்கறவங்க முதல்ல பாக்கிறது இந்த முன்பலகையைத்தான்." நகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்க. இப்ப மூணரை லட்சத்துக்கு மேல என்னால போக ஏலாது."

மூன்றரை. இரண்டு காதுக்கு எட்டாது. ஒன்றுதான் வரும்.

"என்னவாம்?" என்றான் அந்தோனி.

தெரேசா அவன் காதில் வாயை வைத்துச் சொன்னாள். அடுத்த லயத்தில் நாய் குரைத்தது. அவன் பெயிண்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒண்ணு போதும்யா. உன் கதைய ஒரு காதுல வாங்கி மறு காதால விட முடியாது, அவ்வளவுதானே? உள்ளுக்கே கெடந்து நாறட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. ஷாமிலாவிடம், "அம்மா, இது அவன் செஞ்ச தப்பு இல்ல. நீங்க ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொன்னீங்க, நான் அதைச் சொல்லல. பெரிய தொரை வர்ற மாதிரி எழுதிக் குடுத்துட்டேன். பெயிண்ட் அவன் கையில இருந்து வந்துச்சு, பொய் என் கையில இருந்து" என்றேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அவள் வந்ததற்கு உள்ளேயும் பார்த்துவிடுவோம் என்று சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். சுவரோரம், வாசிக்கிறவர் உட்காருகிற பக்கம். போனவள் அப்படியே குந்திவிட்டாள்.

"ஐயா... இந்தப் பக்கம் அடிக்கலையா?"

எட்டிப் பார்த்தேன். பின்பலகை, பின்கால்கள், கம்பளியைத் தூக்கினால் மேல்பக்கம், எல்லாம் அப்படியே. கம்பளிக்கு அடியில் முப்பது வருடம் வெயில் படாமல் இருந்த கருஞ்சிவப்பு மரம், முகம் தெரிகிற பாலிஷ்.

"அந்தப் பக்கம் எதுக்கும்மா?" என்றாள் தெரேசா. "ரோட்டுப் பக்கம் மட்டும்தான் அடிப்போம். வி.ஏ. தொரை ஜீப்பை விட்டு எறங்க மாட்டாரு. அவரு பாக்காத பக்கத்துக்கு யாரு பெயிண்ட் குடுப்பா?"

ஷாமிலா சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். பிறகு டோர்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்து அடிப்பக்கம் நுழைந்தாள். அங்கே கம்பி, நெம்பு, வில் என்று ஒரு பெக்டரியே இருக்கிறது. ஒவ்வொரு மிதிகட்டையாகக் கையால் அழுத்தினாள். ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் போய்த் திரும்பியது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவ்வளவு பழசு எல்லாம் பிசின் பிடிச்சு இறுகித்தான் கையில வரும். இதைக் கழட்டித் துடைக்கவே ஒரு மாசம் போகும்னு நெனைச்சேன். இதுக்கு யாரு எண்ணெய் போட்டது?"

"அவருதான்" என்றாள் தெரேசா. "ஆயுத பூசைக்கு ஆயுத பூசை. பெக்டரியில எல்லா மிஷினுக்கும் போட்டுட்டு, மிச்ச எண்ணெயைக் கொண்டாந்து இதுக்கும் போடுவாரு. என்னங்க, நாம வேதக்காரங்க, நமக்கு ஏது பூசை, இது இஸ்திரி மேசைங்கன்னு நான் சொன்னா, மிஷின்னா மிஷின்தான்டீம்பாரு. தையல் மிஷின் எண்ணெய்தான், கிரீஸ் தொட விடமாட்டாரு."

ஷாமிலா பையிலிருந்து தந்திகளை எடுத்துப் பூட்டினாள். பெட்டியை இணைத்தாள். இரும்புத் துண்டை எடுத்துத் தந்தியில் வைத்து ஒரு இழு இழுத்தாள்.

ஐம்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். லயத்துக் கதவெல்லாம் திறந்தது. நான் அழவில்லை. பெயிண்ட் வாடை கண்ணைக் கரித்தது, அவ்வளவுதான். மேல்மலைத் தேயிலையெல்லாம் ஒரு அங்குலம் வளர்ந்தது என்று சத்தியம் பண்ணுவேன்.

அந்தோனிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மிதிகட்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று அலமாரியிலிருந்து முழ நீளத் திருப்புளியை எடுத்தான். பெக்டரியில் அவன் வேலையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அதன் முனையை மிஷினில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொள்வான். எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். இப்போதும் அப்படியே குனிந்து ஊன்றினான்.

"வாசிக்கச் சொல்லு."

அவள் வாசித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். எதைக் கேட்டானோ, அவனுக்கும் அந்த எலும்புக்கும்தான் தெரியும்.

"மூணாவது மிதிகட்டை. விட்டப்புறம் முழுசாத் திரும்பல. ஒரு மயிரிழை."

ஷாமிலா சுருதி பார்க்கிற சின்ன மிஷினை வைத்து மூன்றாவதை மிதித்துவிட்டுப் பார்த்தாள். முள் நடுவுக்கு வராமல் ஒரு கோடு தள்ளி நின்றது. அந்தோனி கீழே நுழைந்து, ஒரு நட்டைக் கால் சுற்றுத் திருப்பினான். மறுபடி மிதித்தாள். முள் நடுவில் வந்து நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். "இவருக்குக் காது கேக்காதுன்னு சொன்னது உங்க கதையா?"

"அம்மா, அது ஒண்ணுதான் நெசம்!"

அவள் எழுந்து கையைத் துடைத்தாள். "முன்பலகைக்குப் புதுப் பாலிஷ் போடணும், அந்த நட்டம் நட்டம்தான். ஆனா உள்ள இப்படி இருக்கிற ஒண்ணு எனக்கு இதுவரைக்கும் கெடைச்சதில்ல. அஞ்சு லட்சம். ரெண்டு காதுக்கும் சேருமா?"

தெரேசா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு சுவரிலிருந்த அந்தோனியார் படத்தைக் கும்பிட்டாள். நான் அவளையும், அந்தோனியாரையும், ஷாமிலாவையும், ஜீப்பை விட்டு இறங்காமலே போய்ச் சேர்ந்த அத்தனை வி.ஏ. தொரைமாரையும் ஒரே கும்பிடாகக் கும்பிட்டேன். அந்தச் சோம்பேறிகளில் ஒருவராவது இறங்கி மிஷினின் மறுபக்கம் பார்த்திருந்தால் அந்தோனிக்கு ஒரு காதுதான்.

சித்திரை முடிவதற்குள் கண்டியில் மிஷின் பொருத்தினார்கள். மூன்று பேரும்தான் போனோம். திரும்பும் பஸ்ஸில் அந்தோனி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹோர்ன் அடித்தால் ஒரு தரம், சில்லறை விழுந்தால் ஒரு தரம் தலையைத் திருப்பிக்கொண்டு வந்தான். தெரேசா ஏதோ சொன்னாள். "எதுக்குடி கத்துற?" என்றான். முப்பது பயணிகளும் அவளைப் பார்த்தார்கள். அவள் வெட்கப்பட்டு, கல்யாணம் ஆன புதிதில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசத் தொடங்கினாள். அந்த லயத்தில் இப்போது எல்லோரும் குறைப்படுகிறார்கள், அந்தோனி வீட்டில் என்ன கறி என்றே தெரிவதில்லை என்று.

கினிகத்தேனை ஊரைத் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தது நல்ல சாக்காகக் கிடைத்தது. ஆரம்பித்தேன்.

"ஐயா, இவரு காதுல இருக்கே, அது என்ன விலை தெரியுமா? ஒரு இஸ்திரி மேசையை வித்தோம், பத்து லட்சம்! கொழும்புல இருந்து ஒரு பொண்ணு ரெண்டு லொறியோட வந்து, கால்ல விழுந்து—"

"பொய்" என்றான் அந்தோனி.

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"அஞ்சு லட்சம். லொறி இல்ல, ரயில்லயும் ஆட்டோவுலயும்தான் வந்துச்சு. கால்ல விழல, தரையில குந்துச்சு." சாவதானமாகச் சொன்னான். "அப்புறம் அந்தச் சிறுத்தை. போன தடவை எழுதிக் காட்டுனியே, கொப்பியில அது கன்னுக்குட்டி அளவுதான். இன்னைக்கு அந்த டாக்டர்கிட்ட சொல்றப்ப எருமையா? நாப்பது வருஷமா ரோலர் சத்தத்துல நீ சொன்னது பாதி எனக்கு வெளங்கவே இல்ல, மரியாதைக்குத் தலையாட்டிட்டு நின்னேன். இப்பதான்யா வெளங்குது. உன் கதை எல்லாம் ரோட்டுப் பக்கம் மட்டும் பெயிண்ட் அடிச்சது."

முன் சீட்டுக்காரர் சிரித்தார். தெரேசா சிரித்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கொஞ்சமும் கூட்டாமல் சொல்கிறேன்: பஸ் ஒரு அடி உயரத்தில் பறந்தது.

"சரிடா" என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அப்ப எண்பத்தோராம் வருஷத்துல இருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன். மறுபக்கமும் சேர்த்து. நல்லாக் கேளு."

"ரெண்டு காதும் இருக்கு, சொல்லு" என்று ஜன்னலைச் சாத்தினான் அந்தோனி.

"மேல்மலையில, ஒரு சாயங்காலம், ஒரு சிறுத்தை வந்துச்சு. நாய் அளவுதான் இருக்கும்..."